வளர்ந்தோருக்கும் ஒரு பாடநூல்

பாலியற் கல்வி என்ற சொற்றொடரைக் கேட்டவுடன் பள்ளிப் பிள்ளைகளே நம் நினைவுக்கு வருகின்றனர். எந்த வயதிற் சொல்வது, எவ்வளவு சொல்வது, யார் சொல்வது என்றெல்லாம் ஆசிரியரும் பெற்றோரும் வாதிடுவர். அவ்வாறு வாதிடும் பெரியோருக்கு அவ்விடயம் முற்றாகத் தெரியும் என்பது மட்டும் பேசாமலே ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகின்றது. மணமாகிப் பிள்ளைகளும் பெற்றுவிட்ட ஒருவர் இனிக் கற்பதற்கு என்ன இருக்கின்றது என எண்ணுகின்றோம். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை, இங்கிலாந்தில் 1918 ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு நூலின் வரலாறு நன்கு காட்டும்.

அந்நூலின் பெயரைத் தமிழில் "மணவாழ்விற் காதல்" எனலாம். எழுதியவர் மேரி ஸ்ரோப்ஸ் என்னும் பெண்மணி. 1880 இல் எடின்பரோ நகரிற் பிறந்த இவர் மருத்துவர் அல்லர்; தாவரவியலாளர். இலண்டனிற் கற்று, 1904 இல் ஜேர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகி, அங்கு விஞ்ஞானத் துறையில் அப்பதவி பெற்ற முதற் பெண்ணானார். நிலக்கரியின் கூறுகளுக்கு 1919 இல் இவர் இட்ட நான்கு பெயர்கள் இன்றும் அத்துறையினரிடையே வழங்குகின்றன. இவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வு எதைப் பற்றியது தெரியுமா? சைக்கசு இனத் தாவரங்களின் இனப்பெருக்க உறுப்புக்களைப் பற்றியது.

இத்தகைய கல்வியுடைய பெண் 1911 இல் மற்றொரு தாவரவியலாளரை மணந்தார். மணவாழ்விற் குறை ஒன்று உண்டென்பதை உணர்ந்தார். அது யாதென உணர்வதற்கோ காலம் பிடித்தது. பிரித்தானிய நூதனசாலையின் நூலகத்தில் அமர்ந்து, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜேர்மன் மொழியிலும் இது பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் படித்த பின்னரே தம் நிலைமையை முழுதும் விளங்கிக்கொண்டதாக அவர் கூறினார். உடலுறவு நிகழவில்லை என்ற காரணத்தால் அத்திருமணம் 1916 இல் நீதிமன்றத்தாற் செல்லாததாக்கப்பட்டது. அவர் அவ்வளவு அறியாதவராக இருந்தாரா என்று பிற்கால வரலாற்றாசிரியர் சிலர் ஐயுறுவர். ஐயம் நியாயமானதே. ஆயினும், தாம் கொடுத்த பெருவிலையைப் பிறரும் கொடுக்க வேண்டாம் என்ற நோக்கத்தோடு அவர் நூலை எழுதினார் என்பதில் ஐயமில்லை.

பதிப்பாளர் எளிதில் அகப்படவில்லை. ஹம்பிரி வேர்டன் றோ என்னும் செல்வர் பணம் உதவ, 1918 மார்ச் மாதம், உலகப் போர் இன்னும் முடியாத வேளையில், நூல் வெளிவந்தது. இரண்டே வாரங்களில் இரண்டாயிரம் பிரதிகள் விற்றன. அவ்வாண்டிலேயே றோ அவரை மணந்தார். ஓமோன் என்ற சொல்லை 1905 இல் வழக்கிற்குக் கொணர்ந்த உடற்றொழிலியல் அறிஞர் பேராசிரியர் ஸ்ராலிங் எழுதிய கடிதமொன்றும் நூலின் முகப்பில் இடம்பெற்றது. மருத்துவர் அல்லாத ஒருவரின் நூலுக்கு அது தக்க கவசமாயிற்று.

நூல் சொன்னது என்ன? பெண்ணுக்கும் வேட்கை உண்டு; அதற்குத் தனியான ஏற்றவிறக்கமும் உண்டு. மனைவியாகிவிட்டாள் என்பதனால் அவளது உடல் கணவனின் உடைமையாகிவிடாது. ஒவ்வொரு முறையும் அவளது உள்ளத்தை நாடி, இசைவைப் பெற்ற பின்னரே அணுகுதல் வேண்டும். இன்று இவை எளிய செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் மனைவியின் இசைவின்றி அவளைக் கூடுதல் வன்புணர்ச்சிக் குற்றமே என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது 1991 ஆம் ஆண்டிலேயாம். நூலுக்கும் தீர்ப்புக்கும் இடையே எழுபத்துமூன்று ஆண்டுகள்.

நூல் வெளிவந்ததும் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. எழுதியவர் பெண்கள் மட்டுமல்லர், ஆண்களும் பெருந்தொகையினர். வளர்ந்தோர், மணமானோர், பலர் படித்தோர். தம் உடலைப் பற்றியும் துணைவரின் உடலைப் பற்றியும் ஒருவரிடமும் கேட்க இயலாதவற்றை, முன்பின் அறியாத ஓர் ஆசிரியரிடம் தாளிற் கேட்டனர். அவர்கள் கூச்சத்தால் வாய் திறவாதிருந்தனர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இனிக் கருவுற்றால் உயிருக்கு ஆபத்து என எச்சரித்த மருத்துவர், கருவுறாதிருக்கும் வழியைச் சொல்லாமற் சென்றுவிட்டார் என்பது தாய்மார் எழுதிய கடிதங்களில் மீண்டும் மீண்டும் வரும் செய்தியாகும்.

முதல் நூல் கர்ப்பத்தடை பற்றிச் சிறிதே கூறியது. ஆகவே அவ்வாண்டு நவம்பரில் அதற்கென்றே வேறொரு சிறுநூலை அவர் வெளியிட்டார். 1921 மார்ச் 17 ஆம் நாள் வட இலண்டனின் ஹொலவே பகுதியில் தாய்மாருக்கான இலவச நிலையமொன்றையும் கணவரோடு சேர்ந்து திறந்தார். எதிர்ப்பு வலுத்தது. ஹலிடே சதர்லன்ட் என்னும் வைத்தியர், ஏழைகளைச் சோதனைப் பொருளாக்குகின்றார் என எழுதினார். இவரது பட்டம் மருத்துவப் பட்டமன்று என்பதையும் குத்திக் காட்டினார். ஸ்ரோப்ஸ் மானநட்ட வழக்குத் தொடுத்தார். 1924 இல் பிரபுக்கள் சபையில் தோற்றார். வழக்கினாற் கிடைத்த விளம்பரமோ நூல்களின் விற்பனைக்கே உதவியது.

அமெரிக்காவில் அந்நூல் ஆபாசமானது எனத் தடுக்கப்பட்டிருந்தது. 1931 இல் நீதிபதி ஜோன் வூல்சி அத்தடையை நீக்கினார். அவருடைய தீர்ப்பில் ஓர் ஒப்பீடு உண்டு. மேரி வேயர் டெனற் என்பவர் 1915 இல் தம் இரு புதல்வருக்காகப் பாலியல் விளக்கக் கட்டுரை ஒன்றை எழுதினார். அதைச் சிறுநூலாக அஞ்சலில் அனுப்பியமைக்காக 1929 இற் குற்றவாளியாகக் காணப்பட்டு, அடுத்த ஆண்டு மேன்முறையீட்டில் விடுதலை பெற்றார். அந்தச் சிறுநூல் இளையோருக்குச் செய்யும் பணியையே ஸ்ரோப்ஸ் அம்மையாரின் நூல் வளர்ந்தோருக்குச் செய்கின்றது என்பது நீதிபதியின் கருத்து. வளர்ந்தோருக்கும் இக்கல்வி தேவை என்பது அவ்வாறு ஒரு நீதிமன்றத்திற் பதிவாயிற்று.

இனி, அந்நூலின் குறைகளையும் மறைத்தலாகாது. பெண்ணின் வேட்கை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உயர்ந்து தாழும் என வரைபடம் வரைந்து அதை இயற்கை விதிபோற் காட்டினார். பிற்கால ஆய்வுகள் அதனைப் பொதுவிதியாக ஏற்கவில்லை. ஆணின் விந்துநீரிலிருந்து பெண்ணுடல் ஊட்டம் பெறுகின்றது என்று நம்பி, உறை அணிதலை விரும்பாதிருந்தார். அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழப் பதினான்கு நாட்களுக்கு முன்னரே சூல்முட்டை வெளியேறுகின்றது என்பதை யப்பானிய வைத்தியர் ஒகினோ 1924 இல் வெளியிட்டார். அதன் முன் எழுந்த எந்நூலிலும் அது தெளிவாக இருத்தற்கில்லை. இவற்றையெல்லாம் காலத்தின் குறை என மன்னிக்கலாம். ஆனால் "தகுதியற்றோர்" எனத் தாம் கருதியோர் பிள்ளை பெறாதவாறு மலடாக்கப்பட வேண்டும் என்று 1920 இல் எழுதியதை அவ்வாறு விட்டுவிட முடியாது. மனைவியின் இசைவை வலியுறுத்திய அதே பேனா, ஏழை எளியோரின் இசைவைக் கேட்க மறந்தது.

ஆகவே இத்துறையின் கைந்நூலைக் கையிலெடுப்பவர் முதலிற் பார்க்கவேண்டியது அது அச்சான ஆண்டை. பெண்குறிக் காந்தின் பெரும்பகுதி உடலினுள்ளே மறைந்துள்ளது என்பதை அவுஸ்திரேலிய அறுவை வைத்தியர் ஹெலன் ஓ'கொனல் 1998 இலேயே விரிவாக ஆய்ந்து வெளியிட்டார். எயிட்ஸ் நோய் 1981 இலேயே மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. இவற்றுக்கு முன் எழுதப்பட்ட நூல், எவ்வளவு நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டிருப்பினும், ஓர் அத்தியாயம் குறைந்த நூலே. அடுத்து, நூல் யாரை விட்டுவிட்டது என்பதையும் பார்த்தல் வேண்டும். ஸ்ரோப்ஸ் மணமான இளந்தம்பதிகளையே பெரிதும் நினைத்து எழுதினார். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும், நீரிழிவினால் ஆண்மைத் தளர்ச்சியுற்ற ஐம்பது வயதினருக்கும், பிள்ளைப்பேற்றின் பின் உறவில் நோவு காணும் தாய்க்கும், உடற்குறையுள்ளோருக்கும் இன்றைய முழுமையான நூல் இடம் தருதல் வேண்டும். இவர்களிற் பெரும்பாலோர் தமக்கு மட்டுமே நேர்ந்த கேடு என்றெண்ணி வாளாவிருப்பவர்கள். மருந்தோ பயிற்சியோ எளிய விளக்கமோ பலருக்குப் போதும் என்பதை அறிந்தால் வைத்தியரை நாடுவர்.

மேரி ஸ்ரோப்ஸ் 1958 இற் காலமானார். அவருக்கு வந்த கடிதங்கள் இலண்டன் நூலகங்களிற் பேணப்பட்டு வருகின்றன. ஒருகாலத்தில் மறைத்து வைத்துப் படிக்கப்பட்ட அவருடைய நூலை, 2004 இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகப் பதிப்பகம் தனது பழம்பெரும் நூல் வரிசையில், வரலாற்றாசிரியர் ஒருவரின் முன்னுரையோடு மீண்டும் அச்சிட்டது.