எடைக்குப் போகும் ஏடுகள்

வீடு மாற்றும்போதும், முதியோர் மறைந்தபின் அவர்தம் பெட்டியைத் திறக்கும்போதும் நாம் முதலில் கழித்துவிடுவது காகிதக் கட்டுகளையே. இடநெருக்கடி மிகுந்த நகரங்களில் வாழும் நம்மவர்க்கு இஃது இயல்பே. எனினும், அத்தகைய கட்டுகள் அறிந்தோர் கையில் என்ன மதிப்புப் பெறுகின்றன என்பதை அன்பர்கள் சிந்தித்தல் வேண்டும்.

கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களையும் இதழ்களையும் மட்டுமன்றி, துண்டு நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் எனப் பிறர் வேண்டாவென்று தள்ளியவற்றையும் அவர் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகள் இருந்தன. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் அத்தொகுப்பை விலைக்கு வாங்கிற்று. வாங்கியதைக் கப்பலேற்றிச் செல்லாமல், தமிழ் மண்ணிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைய வழி செய்தது. ரோஜா முத்தையாவின் பெயரால் சென்னைத் தரமணியில் அந்நூலகம் இன்று இயங்கி வருகிறது.

வாங்குவதோடு இத்தகைய பணி முடிவதில்லை. பல்கலைக்கழக ஆவணக் காப்பகங்களில் ஒரு தொகுப்பு வந்து சேர்ந்ததும், பூஞ்சையோ இராமபாணப் பூச்சியோ பற்றியுள்ளதா என்று முதலில் நோக்குவர். துருவேறிய குண்டூசிகளை அகற்றி, அமிலமற்ற உறைகளில் தாள்களை வைத்துப் பெட்டிகளுக்கு எண்ணிடுவர். அவர்கள் போற்றும் விதிகள் இரண்டு: ஒருவருடைய தாள்களை மற்றொருவருடையவற்றோடு கலத்தலாகாது, உரியவர் வைத்திருந்த வரிசையைக் காரணமின்றிக் கலைத்தலாகாது. நெதர்லாந்து அறிஞர் மூவர் 1898இல் வெளியிட்ட கையேடு இவ்விதிகளுக்கு வலுவூட்டியது. ஒரு கடிதத்தையும் அதனோடு கட்டியிருந்த பற்றுச்சீட்டையும் பிரித்துவிட்டால், இரண்டின் பொருளும் மங்கிவிடுமன்றோ? இறுதியாக, எப்பெட்டியில் எது உள்ளதென்று கூறும் விளக்கப் பட்டியல் எழுதுவர். பட்டியல் இல்லையேல், தேடி வருவோர்க்கு அத்தொகுப்பு இருந்தும் இல்லாததே.

நம் குடும்பங்களுக்கு இதில் என்ன பங்கு என்று சிலர் வினவலாம். பிழைப்பு நாடி வந்தோரின் தொகையை அரசாங்கக் கணக்கு சொல்லும். முதல் மாதச் சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு அனுப்பினார்கள், யார் வீட்டுத் திண்ணையில் தங்கினார்கள், முதற் பொங்கலை எங்கே கொண்டாடினார்கள் என்பவற்றைக் கடிதங்களும் வீட்டுக் கணக்கு நோட்டுகளுமே சொல்லும். அவை எடைக்குப் போய்விட்டால், நம் பெற்றோர் பட்ட பாட்டுக்குச் சான்று இராது.

ஆதலின் சில வேண்டுகோள்கள். கடிதக் கட்டுகளை அவை இருந்தபடியே வைத்திருங்கள். கிழிந்த தாளில் பசைநாடா ஒட்டாதீர்கள், லாமினேஷன் செய்யாதீர்கள். புகைப்படத்தின் பின்புறம், ஓரத்தில், மென்மையான பென்சிலால் பெயரும் ஆண்டும் குறியுங்கள். அப்பெயர்களைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் இப்பொழுதே கேட்டுவிடுங்கள். சங்கத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்பேடுகளும் விழா அழைப்பிதழ்களும் எவரிடமேனும் இருப்பின், அவற்றையும் இவ்வாறே போற்றிக் காக்குமாறு வேண்டுகிறோம்.