உங்களுக்குத் தெரியுமா? பந்தை எடுத்து வரும் நாய்!

● குறுகலான சந்து, நாய்க்குப் பந்தெடுக்கப் பழக்க அருமையான இடம். இரு பக்கமும் சுவர், எதிரே முட்டுச்சந்து. பந்தைக் கவ்விய நாய் உங்களிடம்தான் திரும்பியாக வேண்டும்!

● கவ்விய பந்தைப் பிடுங்காதீர்கள். அது இழுபறி விளையாட்டாகிவிடும். அவித்த கோழித்துண்டு ஒன்றை மூக்கருகே காட்டுங்கள். வாய் திறக்கும் அந்த நொடியில் ‘விடு’ என்று சொல்லி, துண்டைக் கொடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும்.

● அப்பா ‘உட்காரு’, பிள்ளை ‘சிட்’ என்றால் நாய் குழம்பிப்போகும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சொல் இருக்கட்டும்.

● நம்ம ஊர் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். லாப்ரடார் அப்படியல்ல. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களுக்குத் துணையாக இருந்து, நழுவிய மீனையும் வலைக் கயிற்றையும் நீந்திக் கவ்வி வந்த நாய்களின் வாரிசு. எடுத்து வருவது அதன் ரத்தத்திலேயே இருக்கிறது.

● 1993 மும்பைத் தொடர் குண்டுவெடிப்பின்போது மோப்பம் பிடித்த ‘ஜஞ்சீர்’ லாப்ரடார்தான். புனேயில் பயிற்சி பெற்று மும்பை போலீஸில் சேர்ந்த அது கண்டுபிடித்த ஆர்டிஎக்ஸ் மட்டும் 3,300 கிலோவுக்கு மேல். 2000 நவம்பரில் இறந்தபோது காவல்துறை மரியாதையுடன் வழியனுப்பியது.