கருமையும் குருந்தமும்

கருநிறத்தின் அழகைப் பாடிய புலவர் பலர். முகிலும், கடலும், மகளிர் கூந்தலும் அவர்களுக்கு உவமையாய் உதவின. ஆயின் அந்நிறத்துக்கு உள்ள இடரை எடுத்துரைத்தவர் மிகச் சிலரே. அவ்விடரை அறிய விரும்புவோர், பிறர் ஓட்டிக் கழித்த கருநிற மோட்டார் வண்டி ஒன்றை விலைகொடுத்து வாங்கி, ஒரு கோடைகாலம் முழுவதும் பாலாவியிலே வைத்திருத்தல் வேண்டும். யான் அவ்வாறு செய்தவன்.

பாலாவி என்றதும் தமிழ் கற்றோர் நெஞ்சிலே தோன்றுவது திருக்கேதீச்சரத்துத் தீர்த்தம். தேவாரம் பெற்ற அந்தப் பாலாவி மன்னாரைச் சார்ந்தது. யான் கூறுவது புத்தளத்துக்குத் தெற்கே, கொழும்புப் பெருவீதியிலிருந்து கற்பிட்டி வீதி பிரியும் சந்தியாகிய பாலாவி. ஒருபுறம் உப்பளங்கள், அப்பால் களப்பு. தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் கற்பிட்டி மணலும் உப்பின் ஈரமும் வீடுதோறும் புகும். கருவாடும் மரக்கறியும் ஏற்றிய லொறிகள் எழுப்பும் புழுதி வேறு.

யான் வண்டி வாங்கியது 2023 ஆம் ஆண்டில். அயல்நாட்டு வாகனங்களின் இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்திலே பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றத்தை இந்நாட்டார்க்கு யான் கூற வேண்டுவதில்லை. ஆசிரியர் கடனும், மனையாளின் சீட்டுப் பணமும் சேர்ந்து ஒரு யப்பானிய வண்டியாயின. அதனை வாங்கிய அன்று அதன் மேனி திருவிழாவிற்கு விளக்கிய குத்துவிளக்கையும் நாணச் செய்தது. “ஒரு கீறலும் இல்லை, ஒரு விபத்தும் இல்லை” என்றார் விற்றவர். அவர் பெயர் இங்கு வேண்டாம்.

மூன்று முறை கழுவினேன். நான்காம் முறை காலை வெயிலில் நிறுத்திப் பார்த்தபோது, கதிரவனின் நிழலுருவைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல எண்ணற்ற வட்டக் கீறல்கள் தோன்றின. யான் வட்டமாகத் துடைத்ததால் வந்த வினை என்று வருந்தி, அன்றுமுதல் நேராகத் துடைக்கத் தொடங்கினேன். வலை குறையவில்லை, வளர்ந்தது.

என் அறியாமையை நீக்கியவர் என்னிடம் பயின்ற மாணாக்கர் ஒருவர். பள்ளியிலே புணரிலக்கணம் அவருக்கு ஏறவில்லை. கட்டார் நாட்டிலே வண்டிகளுக்கு மெருகூட்டும் தொழில் பயின்று மீண்டு, இப்போது சந்திக்கு அணித்தே தகரக் கொட்டில் ஒன்றில் அத்தொழிலை நடத்துகிறார். அவர் வண்டியைச் சுற்றிவந்து, “சேர், இது வட்டக் கீறல் இல்லை. எல்லாப் பக்கமும் ஓடுற கீறல்தான். வெளிச்சம்தான் வட்டமாக் காட்டுது” என்றார். கைவிளக்கை நகர்த்திக் காட்டினார். விளக்குச் சென்ற இடமெல்லாம் வலையும் உடன் சென்றது. நுண்ணிய கீறல் ஒவ்வொன்றும் தன் நீளத்துக்குக் குறுக்காகவே ஒளியைச் சிதறும். ஆதலால் விளக்கைச் சூழ்ந்து வட்டத்தின் போக்கிலே கிடப்பன மட்டும் கண்ணுக்குத் தெரிய, ஏனையவை மறைந்து நிற்கின்றன. குற்றம் என் கையின் வட்டத்திலே இல்லை; உலர்ந்த துணியாலே புழுதியைத் துடைத்ததிலே இருந்தது. மணல் படிகக் கல்லின் துகள். கடினத்தை அளக்கும் மோசின் அளவையிலே ஏழாம் இடத்தது. அதனைத் துணியால் அழுத்தித் தேய்த்தவன் தன் வண்டியைத் தானே அராவியவன் ஆகிறான்.

வெண்ணிற வண்டிக்கும் இதே கீறல்கள் உண்டு. ஆயின் வெண்மை தானே எத்திசையும் ஒளியைச் சிதறுவது. அதனுள்ளே கீறல் சிதறும் சிற்றொளி கரைந்துபோம். கருமையோ தன்மேல் விழும் ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிட, மேற்பரப்பிலே பட்டு மீள்வது மட்டும் ஆடிபோல விளங்குகிறது. அந்த இருட்டிலே கீறலின் ஒளி வெள்ளை நூலாய்த் தனித்து நிற்கும். ஹென்றி போர்ட் தம் ‘டி’ மாதிரி வண்டிகளை 1914 முதல் 1925 வரை கருநிறத்தில் மட்டுமே விற்றமை பலர் அறிந்தது. அன்றைய சாயங்களுள் கருஞ்சாயம் மலிவும் உறுதியும் உடையதாய் அவருக்குப் பயன்பட்டது. வாங்கியவர் பட்ட பாட்டை யார் எழுதினார்?

இக்கால வண்டிகளில் நிறச்சாயத்தின்மேல் நிறமில்லாத தெளிபூச்சு ஒன்று உண்டு. அதன் தடிப்பு ஏறக்குறைய நாற்பது, ஐம்பது மைக்குரோமீற்றர். தலைமயிரின் தடிப்பினும் குறைவு. வலைக் கீறல்கள் இப்பூச்சிலேயே உள்ளன. கீறலை நிரப்ப இயலாது. அதன் அடிமட்டம்வரை சுற்றியுள்ள பூச்சை இழைத்து இறக்குவதே வழி. ஆகவே மெருகு என்பது ஒன்றைச் சேர்ப்பதன்று, குறைப்பது. ஒவ்வொரு மெருகுக்கும் சில மைக்குரோமீற்றர் செலவாகும், செலவானது மீளாது. நகம் தடக்கும் அளவு ஆழ்ந்த கீறலை அவ்வாறு தேய்க்கப் புகுந்தால் தெளிபூச்சே இல்லாதொழியும்.

அப்படியாயின் வாங்கிய அன்று கண்ட பளபளப்பு யாது? எண்ணெயும் மெழுகும் கலந்த பசையை அப்பிக் கீறல்களின் வாயை அடைத்திருந்தனர். மூன்று கழுவலில் அது அகன்றது. இதனாலேயே அம்மாணாக்கர் தாம் தேய்த்த இடத்தை மதுசாரம் தோய்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் நீக்கி, அதன் பின்னரே விளக்கைப் பிடித்துப் பார்க்கிறார்.

தேய்ப்பதற்கு அவர் எடுத்த குழம்பின் பொருளை வினவினேன். அலுமினிய ஒட்சைட்டு என்றார். யான் ஒருகணம் வாளா நின்றேன். அதன் கனிம வடிவத்தை ஆங்கிலேயர் ‘கொரண்டம்’ என்பர். அது நம் ‘குருந்தம்’ என்னும் சொல்லே. இரத்தினபுரியிலே அகழ்ந்தெடுக்கும் மாணிக்கமும் நீலமும் இக்குருந்தத்தின் வகைகளே. வைரத்துக்கு அடுத்து, மோசின் அளவையில் ஒன்பதாம் இடம் அதற்கு. நம் நாட்டுச் சாணைக்காரர் குருந்தப் பொடியை அரக்கிலே குழைத்துச் சக்கரமாக்கி மணிகளைத் தீட்டினர். அத்தொழில் தந்த சொல் மேனாடு சென்று அறிவியல் நூல்களில் ஏறியது. இப்போது பொருள் மட்டும் தகரக் குப்பியில் அடைபட்டுப் பாலாவிச் சந்திக்கு மீண்டுளது. இதனை யான் விரித்துரைக்க, அவர் பொறுமையோடு கேட்டு, “சேர், வெயில் ஏறுது” என்றார்.

வேலை மூன்று நாள் நிகழ்ந்தது. முதலில் நீரைப் பாய்ச்சி உப்பையும் மணலையும் கைபடாமல் நீக்கினார். பின்னர் இரு வாளிகள்: ஒன்றிலே சவர்க்கார நீர், மற்றையதிலே துணியை அலச வெறும் நீர். அடுத்து, பிசைந்த களிமண் போன்ற ஒரு கட்டியை ஈரத்தோடு உருட்டி, பூச்சிலே பதிந்த துகள்களைக் கவர்ந்தெடுத்தார். விளிம்புகளுக்கு நாடா ஒட்டினார். அங்கே பூச்சு மெல்லியது, சுழலும் பொறியின் சூடு எளிதில் எரித்துவிடும். இருசாண் அளவான ஓரிடத்தில் மென்மையான குழம்பால் தொடங்கி, அது போதாதபோதே வன்மையானதை எடுத்தார். வன்மையிலிருந்து தொடங்குவது விரைவு. ஆயின் அவர் அதற்கு உடன்படவில்லை.

தேய்க்குமுன் நிகழ்ந்த ஒன்றை இறுதிக்கு வைத்தேன். பூச்சின் தடிப்பை அளக்கும் சிறு கருவி ஒன்று அவரிடம் உண்டு. இரும்புத் தகட்டின்மேல் வைத்தால் தகட்டுக்கும் தனக்கும் உள்ள இடைவெளியை எண்ணால் காட்டும். கூரையிலே 110. முன்மூடியில் 85, முன்னரே பலமுறை தேய்த்திருக்கிறார்கள் என்றார். பின்னிடக் கதவில் 420. அவர் என் முகத்தைப் பார்க்காமலே, “இது பிறகு அடிச்ச பெயின்ற், சேர். அடியில பட்டியும் இருக்கு” என்றார். ‘ஒரு விபத்தும் இல்லை’ என்ற வண்டியின் கதவு ஒருமுறை நசுங்கி, நிமிர்த்தப்பட்டு, பட்டி பூசப்பட்டு, நிறம் தீட்டப்பட்டது. மூன்று ஆண்டுகளாகத் தவணை கட்டிவந்தவனுக்கு அந்த எண் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை அன்பர்கள் உணர்வர். மனையாளுக்கு அதனைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் சென்றது. “நீங்கள் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?” என்ற ஒரு கேள்வியோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

முன்மூடியில் ஆழ்ந்த கீறல்கள் ஏழெட்டு இன்னும் உள. எஞ்சிய பூச்சு அவற்றின் பொருட்டுச் செலவிடத் தக்கதன்று என்று இருவரும் முடிவு செய்தோம். மற்றைய இடமெல்லாம் மாலையில் உப்பளத்து அருகே நிறுத்தினால் வானத்தை அப்படியே வாங்கிக் காட்டுகிறது. உலர்ந்த துணியை வண்டிக்குள் வைப்பதில்லை.

சென்ற மாதம் அயற்பள்ளி ஆசிரியர் ஒருவர் வண்டியைக் கண்டு மயங்கி, விற்பீர்களா என்று விலை பேச வந்தார். நல்ல விலைதான் சொன்னார். கதவண்டை அழைத்துச் சென்று 420 என்ற எண்ணையும் அதன் பொருளையும் கூறினேன். வீட்டிலே கேட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனார். இன்னும் வரவில்லை.