இரும்புச் சந்தையின் எலிக்கணக்கு

லாரிகளின் இரைச்சல் ஓய்ந்த இரவில், சாத்தாங்காடு இரும்புச் சந்தைப் பக்கம் தகரக் கூரையிலிருந்து கரகரத்த சீறல் ஒன்று கேட்டால், பலர் 'சாவுக்குருவி' என்று முணுமுணுத்து நடையைக் கூட்டுவார்கள். அப்படிச் சீறும் ஆந்தையின் பெயர் கூகை. இரவெல்லாம் அது என்ன செய்தது என்பதற்கு, பகலில் அந்தக் கூரைக்குக் கீழே தரையில் சாட்சி கிடக்கும்.

கூகை எலியை முழுசாக விழுங்கும். சதை செரித்துவிடும், எலும்பும் மயிரும் இரைப்பையில் உருண்டையாகி வாய்வழியே வெளியே வரும். கட்டைவிரல் பருமன், கருஞ்சாம்பல் நிறம். எச்சம் என்று நினைத்துத் தாண்டிப்போகிறோம். எச்சமோ சுண்ணாம்புக் கறைபோல வெள்ளையாக இருக்கும்.

உருண்டையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, இடுக்கியால் மயிரை விலக்கினால் பல சமயம் மண்டையோடு உடையாமல் கிடைக்கும். முன்னால் மஞ்சளேறிய உளிப்பற்கள், அடுத்து வெற்றிடம் என்றால் எலி. இடைவெளியின்றி வெள்ளை ஊசிப்பற்கள் என்றால் மூஞ்சூறு. (பிள்ளையாரின் வாகனம் இவற்றில் எது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், வகுப்பு அன்றைக்கு முடியாது.) மரப்பொந்துப் புள்ளி ஆந்தையின் உருண்டையிலோ வண்டுச் சிறகோடுகளே மினுங்கும்.

கையுறை கட்டாயம். சாப்பாட்டு மேசையில் வேண்டாம். அமெரிக்கப் பள்ளிகளில் இந்த உருண்டைகளைப் பிரித்த மாணவர்களுக்கு சால்மோனெல்லா தொற்று பரவியதுண்டு. பள்ளி ஆய்வகச் சூடேற்றும் பெட்டியில் முதலில் சுட்டுவிடுவது நல்லது.

மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் 1990களில் உருண்டைகளைப் பிரிக்கும் இந்த வேலையைத்தான் செய்தார்கள். காவிரிப் படுகைக் கூகைகளின் உருண்டைகளில் பெரும்பாலும் வயல் எலிகள். வயலில் 'டி' வடிவக் குச்சி நட்டு ஆந்தைக்கு உட்கார இடம் தரும் டெல்டா விவசாயிக்கு இது புதுச் செய்தி அல்ல.

உருண்டை கிடைக்காவிட்டால் காது விளையாட்டு இருக்கிறது. ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி, ஒரு காதின் பின் உள்ளங்கையைக் குவித்து மேல்நோக்கியும், மறுகாதின் பின் கீழ்நோக்கியும் வைக்கச் சொல்லுங்கள். சுற்றி நின்று விரலைச் சொடுக்குங்கள். சத்தம் மேலிருந்தா கீழிருந்தா என்று அது கைகாட்டட்டும். கூகையின் காதுத் துளைகளும் இப்படி ஏறுமாறாகவே அமைந்துள்ளன. முழு இருட்டறையிலும் கேட்டே எலியைப் பிடிக்கும் என்று காட்டியவர் ரோஜர் பெய்ன். பிற்பாடு திமிங்கிலப் பாட்டு ஆய்வால் பெயர் பெற்றவர்.

ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆனால் கிடங்குகளில் வைக்கும் எலிமருந்தை யாரும் ஆந்தையோடு சேர்த்து யோசிப்பதில்லை. ரத்தம் உறையவிடாத வகை மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். கூகைக்கு அதைவிட எளிய இரை ஏது?