டைல்ஸுக்குப் பின்னால்

எங்கள் வீட்டு ஸ்நான அறையை அடுத்துள்ள படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை உப்புப் பூத்து, வர்ணம் பொரிந்து, எத்தனை முறை சுரண்டிப் பூசினாலும் மறுபடி உதிர்ந்துகொண்டே இருந்தமையால், மறுபக்கத்து டைல்ஸைப் பெயர்த்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லாமற் போயிற்று. பெயர்த்த டைல்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. அவற்றின் பின்னேயிருந்த கலவையோ ஈரத்தில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. டைலுக்கும் டைலுக்கும் நடுவேயுள்ள சிமெண்டு இணைப்பு ஜலத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆதலால் ஜலத்தைத் தடுக்க வேண்டிய பொறுப்பு டைலுடையதன்று, அதன் பின்னாலிருக்கும் சுவருடையது.

மொகெஞ்சதாரோவின் பெருங்குளத்தைக் கட்டியவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். சுமார் 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட அந்தக் குளத்தில், செங்கற்களை ஜிப்சம் சாந்திட்டு நெருக்கிப் பதித்ததோடு திருப்தியடையாமல், அவற்றின் பின்னே நிலக்கீல் பூச்சு ஒன்றையும் கண்ணுக்குத் தெரியாதபடி அமைத்தார்கள்.

எங்கள் ஸ்நான அறையில் குழாய் வேலையைத் தெரிந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, மற்றவற்றை நானே செய்யத் துணிந்தேன். சாவகாசமும் சிரத்தையும் உடையவர்களால் இது ஆகாத காரியமன்று என்பது என் அபிப்பிராயம். பழைய பூச்சைக் கொத்தியெடுத்து, தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்துச் சுவரை நேராக்கிய பின்பு, தரைக்கு வாட்டம் கொடுக்க வேண்டும். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வீதம் நான்கு பக்கமிருந்தும் தரை வடிகாலான நஹானி ட்ராப்பை நோக்கித் தரை சரிந்தால், குளித்து முடித்த சிறிது நேரத்தில் ஜலம் தேங்காமல் வடிந்துவிடும். டைல்ஸ் ஒட்டும்போது வாட்டத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது பெரும் தவறு.

அடுத்து வருவது நீர்ப்புகாப் பூச்சு. முழு வேலைக்கும் உயிர் இதுதான். சுவரும் தரையும் சேரும் மூலையில் கலவையை உட்குழிவாக வழித்து, அதன்மீது வலைத்துணி பதித்து, பாலிமர் கலந்த சிமெண்டுப் பூச்சை முதல் கை ஒரு திசையிலும், அது காய்ந்தபின் இரண்டாம் கை அதற்குக் குறுக்குத் திசையிலுமாகப் பூச வேண்டும். ஷவர் இருக்கும் சுவருக்குத் தலைக்கு மேல் வரையில் இது அவசியம். பூச்சு நன்றாக இறுகியபின் ட்ராப்பை அடைத்து, தரை முழுவதும் ஜலம் நிறுத்தி, அதன் மட்டத்தைப் பென்சிலால் குறித்து, இரண்டு நாள் காத்திருந்தேன். முதல் முறை ஜலம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. ட்ராப்பின் விளிம்பில் மயிரிழை போன்ற இடைவெளி இருந்தது. அதை அடைத்து, மறுபடியும் ஜலம் நிறுத்தினேன்.

அதன் பின்பே டைல்ஸ். விட்ரிஃபைட் டைல் அரை சதவீதத்துக்கும் குறைவாகவே ஜலத்தை உறிஞ்சுவதால், வெறும் சிமெண்டுப் பால் அதைப் பற்றிக்கொள்ளாது. அதற்கென்றே விற்கும் ஒட்டுப்பசையைக் குழைத்து, பல் கரண்டியால் ஒரே திசையில் கோடு இழுத்து, டைலை அழுத்திச் சற்றே அசைத்துப் பதிக்க வேண்டும். நடுவில் ஒரு உருண்டைக் கலவையை வைத்து ஒட்டும் பழக்கத்தால் நான்கு மூலைகளும் பொள்ளலாகி, அங்கேதான் ஈரம் குடியேறுகிறது. பதித்த டைலை இடையிடையே பெயர்த்து, பின்புறம் முழுவதும் பசை படிந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மறுநாள் ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். இரண்டு மட்டும் பானையைத் தட்டியதுபோல் ஒலித்தன. அவற்றை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதித்தேன். இணைப்புகளில் எபாக்ஸி நிரப்பினேன். சுவரும் தரையும் வெவ்வேறு விதமாக அசையுமாதலால், மூலைகளுக்கு நெகிழும் தன்மையுள்ள சிலிக்கோனே தகுந்தது.

படுக்கையறைச் சுவருக்கு இன்னும் வர்ணம் பூசவில்லை. பல ஆண்டுகளாக உள்ளே ஊறிய ஈரம் முழுதும் வெளியேறட்டும் என்று பூச்சைச் சுரண்டித் திறந்தே விட்டிருக்கிறேன். காலைதோறும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கையில், குளிர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.