ஐந்து வருட நிலையான வட்டி முடிகிறது: வீட்டுக் கடன் எடுத்தவர்கள் கவனத்திற்கு

கொரோனா காலத்தில், 2020 டிசம்பரில், இலங்கை மத்திய வங்கி ஒரு கட்டளை பிறப்பித்தது. சம்பளம் பெறும் ஊழியர்களுக்கு வங்கிகள் கொடுக்கும் வீட்டுக் கடனுக்கு முதல் ஐந்து வருடங்களுக்கு 7 சதவீதத்திற்கு மேல் வட்டி அறவிடக் கூடாது என்பதே அது. ஆசிரியர்கள், தாதியர்கள், அலுவலக உத்தியோகத்தர்கள் எனப் பலர் அப்போது கடன் எடுத்தார்கள். அந்த ஐந்து வருடம் 2025 இறுதியிலிருந்து ஒவ்வொருவருக்காக முடிந்து வருகிறது. வேறு திட்டங்களில் இரண்டு, மூன்று வருட நிலையான வட்டிக்கு எடுத்தவர்களுக்கும் இதே நிலைதான்.

வட்டிக் கடன் எடுத்தது சரியா என்ற விடயத்தை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மவர்களில் பலர் கடன் எடுத்ததை வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். அதனால் அதைப் பற்றி யாரிடமும் விசாரிப்பதும் இல்லை. தவணை கூடிவிட்டதென்ற குறுஞ்செய்தி வந்த பிறகுதான் விழித்துக்கொள்கிறார்கள்.

நிலையான காலம் முடிந்ததும் உங்கள் வட்டி பெரும்பாலும் ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். என்ற வீதத்துடன் இணைக்கப்படும். வங்கிகள் தமது மிகச் சிறந்த வாடிக்கையாளர்களுக்குக் குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டியின் சராசரி அது. மத்திய வங்கி வாராந்தம் வெளியிடுகிறது. அதற்கு மேல் ஒன்று, ஒன்றரை, இரண்டு என வங்கி தனது பங்கைச் சேர்த்துக்கொள்ளும். 2020 கட்டளையின் கீழ் எடுத்தவர்களுக்கு ஐந்து வருடத்திற்குப் பின்னர் அந்த மேலதிகம் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் அதே கட்டளையில் இருந்தது. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் எடுத்துப் பாருங்கள். வங்கி சேர்க்கும் வீதம் அதைவிடக் கூடியிருந்தால் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இந்த வீதம் எவ்வளவு ஆடும் என்பதை நாம் கண்ணால் கண்டோம். 2021 தொடக்கத்தில் 6 சதவீதத்திற்கும் கீழே இருந்தது, 2022 இறுதியில் 28 சதவீதத்தைத் தொட்டது. 2025 இல் 8, 9 சதவீதத்தை ஒட்டி நின்றது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 80 இலட்சம் ரூபாய், 20 வருடம், 7 சதவீதம். மாதத் தவணை ஏறத்தாழ 62,000 ரூபாய். ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டிய பின்னரும் மீதி 69 இலட்சம். தொடக்கத் தவணைகளில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடுவதால் முதல் அவ்வளவு மெதுவாகத்தான் குறையும். இப்போது வட்டி 10 சதவீதமானால், மீதி 15 வருடத்தில் முடிக்க மாதம் 74,000 ரூபாய் கட்ட வேண்டும். 12 சதவீதமானால் கிட்டத்தட்ட 83,000. 2022 போல 28 சதவீதத்திற்குப் போனால் ஏறத்தாழ 1,64,000.

இந்த இடத்தில் வங்கியிலிருந்து இனிமையாக ஒரு யோசனை வரலாம்: "தவணையைக் கூட்ட வேண்டாம், காலத்தை நீட்டிக்கொள்வோம்." கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். அதே 62,000 ரூபாயை 10 சதவீதத்தில் கட்டினால் கடன் முடிய 15 வருடமல்ல, 26 வருடத்திற்கு மேல் எடுக்கும். மொத்தமாக நீங்கள் கொடுப்பது 1 கோடி 95 இலட்சம். தவணையைக் கூட்டி 15 வருடத்தில் முடித்தால் 1 கோடி 33 இலட்சம். மாதம் 12,000 ரூபாயைத் தவிர்க்கப் போய் 60 இலட்சத்திற்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். வேறு வழியே இல்லாதவருக்கு மட்டும் இது பொருத்தம்.

ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு அந்த வழியும் கிடையாது. ஓய்வுபெறும் வயதுக்குள் கடன் முடிய வேண்டும் என்பதே பல வங்கிகளின் நிபந்தனை. கிழக்கில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்காக ஐம்பதுக்குப் பிறகு கடன் எடுத்த வாப்பாமார் எத்தனையோ பேர். அவர்களுக்குக் காலம் நீளாது, தவணைதான் ஏறும்.

ஆகவே நிலையான காலம் முடிவதற்கு மூன்று, நான்கு மாதங்களுக்கு முன்பே வங்கிக்குப் போங்கள். கடிதம் அல்லது மின்னஞ்சல் மூலம் கேளுங்கள்: இன்றைய மீதி எவ்வளவு, புதிய வீதம் எது, எத்தனை மாதத்திற்கொரு முறை மாறும், முன்கூட்டியே கட்டினால் கட்டணம் எவ்வளவு, மறுபடியும் நிலையான வீதம் தருவீர்களா? வாய்மொழிப் பதிலை நம்பி வீடு திரும்ப வேண்டாம். தவணை தவறாதவருக்குப் பேரம் பேசும் பலம் உண்டு. இன்னொரு வங்கியின் எழுத்திலான வீதம் கையிலிருந்தால் முகாமையாளரின் பேச்சு மாறும்.

கையில் சேமிப்பு இருந்தால் ஒரு பகுதியை முதலில் கட்டுவதே எனக்குத் தெரிந்து மிக நல்ல வழி. மேற்சொன்ன கடனில் 5 இலட்சத்தைக் கட்டிவிட்டு 74,000 தவணையையே தொடர்ந்தால் 27 மாதம் முன்னதாகக் கடன் முடியும். அந்த 27 மாதத் தவணை ஏறத்தாழ 20 இலட்சம். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் காசில் வாகன லீசிங்குக்குப் போவதற்கு முன் இதை யோசியுங்கள். ஊழியர் சேமலாப நிதியில் தகுதியுள்ளவர்கள் வீட்டுத் தேவைக்காக 30 சதவீதம் வரை எடுக்கும் வசதியும் உண்டு. ஆனால் அது முதுமைக்கான பணம் என்பதை நினைவில் வையுங்கள்.

வேறு வங்கிக்கு மாற்றுவதானால் வீத வித்தியாசத்தை மட்டும் பார்க்கக் கூடாது. முன்கூட்டிய தீர்வுக் கட்டணம், மதிப்பீட்டாளர் கட்டணம், சட்டத்தரணி செலவு, முத்திரைத் தீர்வை எல்லாவற்றையும் கூட்டுங்கள். அரை சதவீத வித்தியாசத்திற்கு இத்தனை செலவு பெரும்பாலும் கட்டாது. ஈடு விடுவிக்கப்பட்டது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா என்றும் பாருங்கள்.

இஸ்லாமிய வங்கிகளின் குறைந்து செல்லும் முஷாரகா முறையில் வங்கியும் நீங்களும் வீட்டின் பங்காளிகள். அதன் பங்கை நீங்கள் சிறுகச் சிறுக வாங்குகிறீர்கள், மீதிப் பங்கிற்கு வாடகை கட்டுகிறீர்கள். வட்டியிலிருந்து விலக விரும்புவோர் இதற்கு மாறலாம். ஆனால் தவணை கூடவே மாட்டாது என்று எண்ண வேண்டாம். பல ஒப்பந்தங்களில் வாடகை குறித்த காலத்திற்கொரு முறை சந்தை வீதத்தைப் பார்த்துத் திருத்தப்படும். எப்போது, எந்த அளவுகோலில், உச்சவரம்பு உண்டா என்று இங்கும் அதே கேள்விகளைக் கேளுங்கள்.

புதிய தவணை கட்டவே முடியாது என்று தெரிந்தால், தவணை தவறும் முன் வங்கிக்கு எழுதுங்கள். தவறிய பின் போனால் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் உங்கள் பெயர் கெட்டிருக்கும், வேறு வங்கியும் கதவைத் திறக்காது. வங்கி முறையாகப் பதிலளிக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தின் 1935 இலக்கத்தை அழைக்கலாம். வங்கிக்கு நீங்கள் எழுதிய முறைப்பாட்டின் பிரதியை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி வங்கியின் பணிப்பாளர் சபை நீதிமன்றம் போகாமலேயே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விட முடியும். பராட்டே என்று சொல்வது இதைத்தான். 2024 இல் அது தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டதே தவிர நீக்கப்படவில்லை. மகள் குடியிருக்கும் வீட்டின் உறுதி வாப்பாவின் பெயரில் வங்கியில் ஈடாக இருந்தால், இந்த விபரம் மகளுக்கும் மருமகனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கூடிய தவணையை யார் எவ்வளவு கட்டுவது என்பதையும் நோட்டீஸ் வரும் முன்பே அவர்களுடன் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.