ஜவ்வாது மலைக்கு அன்றே வந்த கம்ப்யூட்டர்... திரையில் தமிழ் வர மட்டும் ஏன் இவ்வளவு காலம் ஆனது?

ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஒருவர், சிக்னல் மட்டும் கிடைத்துவிட்டால், இந்தச் செய்தியைத் தன் போனிலேயே தமிழில் படித்துவிடலாம். இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். ஆனால், இதே ஜவ்வாது மலையில் சுமார் 40 ஆண்டுகளுக்கு முன்பே கம்ப்யூட்டர் இருந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் திரைகளில் ‘அ’ என்ற ஒரு எழுத்தைக் காட்டுவதே பெரும்பாடு.

மலையில் கம்ப்யூட்டரா? ஆமாம். ஆலங்காயம் அருகே உள்ள காவலூரில் 1968 முதல் வானியல் ஆய்வு நடக்கிறது. 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கு திறந்து வைக்கப்பட்டது. அந்த ஆய்வகத்துக்கு வைணு பாப்பு பெயர் சூட்டப்பட்டதும் அப்போதுதான். அங்கு எடுக்கப்பட்ட படங்களையும் நிறமாலைகளையும் அலச, வாக்ஸ் 11/780 என்ற கம்ப்யூட்டர் பயன்பட்டது. அந்தக் காலத்தில் அது சாதாரண இயந்திரம் அல்ல. 1988-ல் காவலூரில் கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். வானத்தில் தமிழர் பெயர் ஏறிவிட்டது. கம்ப்யூட்டர் திரையில் அதைத் தமிழில் எழுத வழி இல்லை.

திரை என்பது ஒரு கட்டம் போட்ட நோட்டு

வாக்ஸ் போன்ற கம்ப்யூட்டர்களுடன் அன்று பரவலாக இருந்தவை வி.டி.100 வகை டெர்மினல்கள். ஒரு வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 24 வரி. அவ்வளவுதான் திரை. 1981-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த பர்சனல் கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். ஒரு வரி கூட, 25. அது என்ன 80 கணக்கு? ஐ.பி.எம்.மின் பழைய துளை அட்டையில் 80 பத்தி இருந்தது. அந்தப் பழக்கம் அப்படியே திரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

இதைத்தான் ‘டெக்ஸ்ட் மோட்’ என்பார்கள். சின்ன வயதில் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் எழுதியது நினைவிருக்கிறதா? ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. கம்ப்யூட்டர் தன் நினைவகத்தில் எழுத்தின் உருவத்தை வைத்துக்கொள்வதில்லை. ‘இந்தக் கட்டத்தில் 65-ம் எண்’ என்று மட்டும் குறித்து வைக்கும். 65-ம் எண் என்றால் ஆங்கில ‘ஏ’. அதன் உருவம் வீடியோ கார்டில் உள்ள ஒரு சிப்பில் அச்சாகிக் கிடக்கும். எண்ணைக் கொடுத்தால், சிப் உருவத்தைத் திரையில் போட்டுவிடும்.

ஏன் இப்படி? எல்லாம் சிக்கனம்தான். 80 × 25 என்றால் 2,000 கட்டம். ஒவ்வொன்றுக்கும் எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட். மொத்தம் 4,000 பைட்டில் வேலை முடிந்தது. மாறாக, 640 × 200 பிக்சல் கொண்ட திரையைப் படம் போல ஒவ்வொரு பிக்சலாக வரைய வேண்டும் என்றால், கறுப்பு வெள்ளைக்கே 16,000 பைட் வேண்டும். முதல் ஐ.பி.எம். கம்ப்யூட்டரின் மலிவான மாடலில் இருந்த மெமரியே வெறும் 16 கிலோபைட். இன்று ஒரு ‘குட் மார்னிங்’ படம் இதைவிடப் பல மடங்கு பெரியது!

தமிழ் எழுத்து அந்தக் கட்டத்துக்குள் ஏன் நுழையவில்லை?

ஐ.பி.எம்.மின் கலர் கார்டில் ஒரு எழுத்துக்குக் கிடைத்த இடம் 8 பிக்சல் அகலம், 8 பிக்சல் உயரம். ஆங்கிலத்துக்கு இது தாராளம். தமிழுக்கு? ‘க்’ என்று எழுத மேலே புள்ளிக்கு இடம் வேண்டும். புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு வரிசை காலியாக விட வேண்டும். ‘மு’, ‘மூ’ என்றால் கீழே சுழிக்க இடம் வேண்டும். ‘கீ’ என்றால் மேலே சுழி. மேலும் கீழும் இப்படிப் போனால் நடுவில் எழுத்துக்கு மிஞ்சுவது நாலைந்து வரிசை. அதில் ‘ஞ’ எழுதிப் பாருங்கள்.

அகலமும் சிக்கல். கட்டம் எல்லாம் ஒரே அளவு. ‘ர’ போன்ற ஒல்லி எழுத்துக்கும் ‘ணூ’ போன்ற குண்டு எழுத்துக்கும் ஒரே இடம் என்றால், ஒன்று தொளதொளவென்று நிற்கும், இன்னொன்று நசுங்கும். அகலமான எழுத்தை இரண்டு கட்டத்தில் பாதிப் பாதியாக வரைவதுதான் வழி.

இன்னொன்று, ‘கொ’. பார்க்க ஒரே எழுத்து. ஆனால் இடப்பக்கம் கொம்பு, நடுவில் ‘க’, வலப்பக்கம் கால். மூன்று கட்டம் போச்சு. ‘கொடுக்கிறோம்’ என்பது 6 எழுத்துதான். கட்டத்தில் போட்டால் 10-க்கும் மேல் தேவைப்படலாம். 80 கட்டத்தில் ஒரு தமிழ் வரி எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்காகத் தமிழ் எழுத்து சிக்கலானது, கம்ப்யூட்டருக்குப் பொருந்தாது என்று அன்று பேசியவர்களும் உண்டு. அது சரியல்ல. ஜவ்வாது மலை அடிவாரத்துச் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளம். அவற்றில் வட்டெழுத்து கல்லிலேயே வளைந்து நெளிந்து உட்கார்ந்திருக்கிறது. கோளாறு எழுத்தில் இல்லை, ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்து வெட்டிய கட்டத்தில்தான்.

இந்தக் கட்டம் பிடிக்காமல் போனது தமிழருக்கு மட்டும் அல்ல. அமெரிக்காவில் படித்த தாய்லாந்துக்காரர் வான் சுவன்னுகுல், தாய் மொழியில் ஆய்வேடு எழுதத் திரை சரியாக இல்லை என்று தானே ஒரு வீடியோ கார்டை உருவாக்கினார். 1982-ல் வந்த அதுதான் உலகமெங்கும் விற்ற ‘ஹெர்குலிஸ்’ கார்டு. 720 × 348 பிக்சலில் எதை வேண்டுமானாலும் வரையலாம். தாய்லாந்து எழுத்துக்கு மூலம், கெமர் எழுத்து வழியாகப் போனால், நம் பல்லவர் எழுத்துதான். ஒரு வகையில் பங்காளி எழுத்து!

சிப்பை ஏமாற்றிய வழிகள்

டெக்ஸ்ட் மோடில் மொத்தம் 256 உருவங்களுக்குத்தான் இடம். முதல் பாதி ஆங்கிலத்துக்கு. இரண்டாம் பாதியில் ஐரோப்பிய எழுத்துகளும் பெட்டி வரையும் கோடுகளும் இருக்கும். அவற்றைத் தூக்கிவிட்டுத் தமிழை வைத்தால் என்ன? 247 எழுத்தையும் வைக்க இடமில்லை. ஆனால் கொம்பு, கால், விசிறி என்று உறுப்புகளாகப் பிரித்தால் 128-க்குள் ஒருவழியாக அடக்கிவிடலாம். சிப்பையே மாற்றுவது ஒரு வழி. 1984-ல் வந்த இ.ஜி.ஏ., 1987-ல் வந்த வி.ஜி.ஏ. கார்டுகளில் சிப்பைத் தொடாமல், சாஃப்ட்வேர் மூலமே புது உருவங்களை ஏற்ற முடிந்தது. கட்டத்தின் உயரமும் 14, 16 பிக்சல் என்று கூடியதால் புள்ளிக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

1980-களிலேயே கனடாவில் சீனிவாசன் ‘ஆதமி’ மென்பொருளையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளையும் உருவாக்கினார்கள். இந்தியாவில் ஐ.ஐ.டி. கான்பூரில் தொடங்கிய ஆராய்ச்சி, பின்னர் புனேயின் சி-டாக் நிறுவனத்தில் ‘ஜிஸ்ட்’ கார்டாக வந்தது. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால், ஆங்கிலத்துக்காக எழுதிய டாஸ் புரோகிராம்களிலும் இந்திய எழுத்துகள் தெரியும்.

விண்டோஸ் வந்தது, புதுத் தலைவலியும் வந்தது

1990-களில் விண்டோஸ் பரவியதும் கட்டம் ஒழிந்தது. எழுத்துக்கு ஏற்ற அகலம் கிடைத்தது. ஊருக்கு ஊர் டி.டி.பி. சென்டர்கள் முளைத்தன. ஆனால் பழைய தந்திரம் போகவில்லை. ஆங்கில எழுத்தின் எண்ணிலேயே தமிழ் உருவத்தை வைத்தார்கள். எந்த எண்ணில் எந்த எழுத்து என்பது ஃபான்ட்டுக்கு ஃபான்ட் மாறியது.

உதாரணத்துக்குப் பாமினி ஃபான்ட்டில் ‘தமிழ்’ என்று அடித்தால், கம்ப்யூட்டர் சேமிப்பது ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஒரு அரைப்புள்ளி. அந்த ஃபான்ட் இருக்கும்வரை திரையில் ‘தமிழ்’ தெரியும். ஃபான்ட் இல்லாத இடத்தில் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான். அகர வரிசையும் குழம்பும். கொம்பு முதலில் சேமிக்கப்படுவதால், ‘கொ’வில் தொடங்கும் பெயர் ககர வரிசையில் நிற்காமல், கொம்பு வைத்த மற்ற பெயர்களோடு போய் நிற்கும். பெயர்ப் பட்டியலில் ஒருவர் பெயரைத் தேடி ‘இல்லை’ என்று வந்தால், பெயர் இல்லாமலும் இருக்கலாம், தப்பான இடத்தில் இருந்தும் இருக்கலாம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999-ல் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டில் டாம், டாப் என்ற குறியீடுகள் முடிவாகின. தமிழ்99 கீபோர்டும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் உலகம் அதற்குள் யூனிகோடு பக்கம் திரும்பியிருந்தது. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே தனி இடம் உண்டு. இதில் சேமிப்பது எழுத்தை, உருவத்தை அல்ல. ‘கொ’ என்றால் முதலில் ‘க’, பிறகு ஒகரக் குறி. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது திரையின் வேலை. விண்டோஸ் 2000 ‘லதா’ ஃபான்ட்டுடன் இதைச் செய்தது. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-ல். ஆரம்ப கால ஸ்மார்ட்போன்கள் பலவற்றில் தமிழ் வெறும் சதுரப் பெட்டிகளாகத் தெரிந்ததும் இதே பிரச்சினையின் கடைசி வால்தான்.

பழைய ஃபைல் கிறுக்கலாகத் திறந்தால் என்ன செய்வது?

சங்கத் தீர்மானம், பள்ளி ஆண்டு மலர், நிலம் தொடர்பாக அடித்த மனு, தாத்தா சொல்லச் சொல்ல டைப் செய்த குடும்ப வரலாறு... 2000-க்கு முன்னும் பின்னும் அடித்த இப்படிப்பட்ட ஃபைல்கள் சி.டி.யிலும் பழைய ஹார்டு டிஸ்க்கிலும் இன்னும் கிடக்கின்றன. திறந்தால் கிறுக்கலாக வருகிறது என்று பலர் அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம். ஃபைல் கெடவில்லை, ஃபான்ட் இல்லை, அவ்ளோதான்.

வேர்டில் திறந்து, எழுத்தின் மேல் கர்சரை வைத்தால், மேலே ஃபான்ட்டின் பெயர் பெரும்பாலும் தெரியும். பாமினியா, வானவிலா, டாபா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருளில் அந்தப் பெயரைத் தேர்வு செய்தால், யூனிகோடுக்கு மாற்றித் தரும். பெயர் தெரியாவிட்டால் நாலு வரியை மட்டும் எடுத்து ஒவ்வொரு ஃபான்ட்டாகப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பாமினி போன்ற ஃபான்ட்டில் அடித்த ஃபைலின் நடுவே ஆங்கில வார்த்தைகள் இருந்தால், கன்வெர்ட்டர் அவற்றையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். இன்ஷியல், ஊர்ப் பெயர், சர்வே எண்ணோடு வரும் ஆங்கில எழுத்து ஆகியவற்றைப் பழைய அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். மூல ஃபைலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.